ரப்பர் திருக்கையும் கரண்டி மாதையனும்

களியைக் கரண்டியால் தின்னும் மனிதரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர் இருந்தார். களி என்பது கையால் பிட்டு, உருட்டி, நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டிய பண்டம். அதைப் போய் எவர்சில்வர் கரண்டியால் கொத்திக் கொத்தி, கரண்டியில் ஒட்டியதை உதட்டால் இழுத்து, ஏதோ மருந்து சாப்பிடுவதுபோல் சாப்பிடுவார் மாதையன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? டீக்கடையில் அவருக்குக் 'கரண்டி மாதையன்' என்று பேர் வைத்தார்கள். காரணம் தெரிந்திருந்தால் வைத்தவர்களுக்கும் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

மாதையன் பிறந்தது இண்டூர்ப் பக்கம். தண்ணீர் என்றால் அவருக்குக் கிணறுதான். மேட்டிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனமே அவர் தலைக்கு வினையானது. கோவிந்தம்மாளைக் கட்டிக்கொண்டு ஏழுகல் துறை என்கிற ஆற்றோர ஊருக்குக் குடிவந்தார். அங்கே காவிரிக் கரையில் சின்னதாக ஒரு நீரேற்று நிலையம் இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் குடிதண்ணீர் போவது அங்கிருந்துதான். கரையோரம் கிணறு மாதிரி ஒரு கான்கிரீட் தொட்டி. ஆற்றைப் பார்த்த பக்கம் தண்ணீருக்குள் ஓர் இரும்புச் சல்லடை. அதில் அடைத்துக்கொள்வதை முங்கிப் போய்ப் பிடுங்கி வர ஒரு ஆள் வேண்டியிருந்தது. மூச்சுப் பிடிக்கத் தெரிந்த மாதையனைக் காண்ட்ராக்டர் பிடித்துப் போட்டுக்கொண்டார்.

ஆற்றில் என்ன அடைக்கும்? தழை, குச்சி, வெங்காயத்தாமரை என்று நினைப்பீர்கள். அதுவாக இருந்தால் மாதையன் இன்றைக்கும் சந்தோஷமாக முங்கிக்கொண்டிருப்பார். அடைத்ததெல்லாம் துணி. சல்லடைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் படித்துறை. தோஷம் கழிக்க, பீடை தொலைய, செத்தவர்களுக்குக் காரியம் முடிக்க என்று அங்கே ஜனம் வரும். பெங்களூரிலிருந்துகூடக் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். பாவம் துணியோடு போய்விடும் என்பது ஐதீகம். எங்கே போகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்? அது கடலுக்கும் போகவில்லை, கைலாசத்துக்கும் போகவில்லை. நேராக மாதையன் கைக்குத்தான் வந்தது.

வேட்டி, சேலை, பாவாடை, பனியன், வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற உருப்படிகள், யாரோ கடைசி மூச்சு விட்டபோது உடுத்தியிருந்த லுங்கி. எல்லாம் ஊறி, நூல் பிரிந்து, வழவழவென்று பாசி பிடித்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். இழுத்தால் வராது. கம்பிக்குள் விரலை விட்டு நோண்டித்தான் எடுக்க வேண்டும். அதில் தலைமயிர் சிக்கியிருக்கும், எலுமிச்சம்பழம் அழுகியிருக்கும். ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, கோவிந்தம்மாள் வைத்த களியைப் பிட்டு வாயில் போட்டார். நாக்கில் என்னவோ நெருடியது. இழுத்தார். நீளமாக வந்தது. யாருடையதோ, எப்போது செத்தவருடையதோ, ஒரு நரைமயிர். நகக்கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வாசலுக்கு ஓடிப் போய்க் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அன்றிலிருந்துதான் கரண்டி.

"ஏனுங்க, இந்தக் கண்றாவி வேலைய வுட்டுத் தொலைங்களேன்" என்பாள் கோவிந்தம்மாள்.

"வுட்டுப்புட்டு என்னத்தத் திங்கறது? கரண்டியவா?" என்பார் மாதையன்.

அவர் கையால் அவள் தலையில் பூ வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவள் கேட்டதில்லை. அவராகவே வைக்க மாட்டார். தன் கையைப் பார்த்தாலே அவருக்கு அருவருப்பு. தூங்கும்போதுகூட அதைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

இந்த நிலையில்தான் ஜாஸ்மின் வந்தாள். பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர் மகள். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். வேனிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில், முறம் அகலத்துக்கு, இரண்டு பக்கமும் ரெக்கை விரித்துப் படுத்திருந்தது ஒன்று. முகத்தில் ஒற்றைக் கண்ணாக ஒரு கேமரா. அதன் கீழே மடங்கிக் கிடந்த ரப்பர்க் கைகளில் வரிசையாக உறிஞ்சு வாய்கள். வாலாக ஒரு மஞ்சள் கேபிள்.

"கடல்ல திருக்கை மீனு பாத்திருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"கடலயே பாத்ததில்ல பாப்பா. திருக்கைக் கருவாடு பாத்திருக்கேன், சந்தையில."

ஜாஸ்மின் சிரித்துவிட்டாள். "அந்தக் கருவாடு உசுரோட இருந்தப்ப எப்பிடி நீந்துச்சுன்னு பாருங்க" என்று போனைக் காட்டினாள். கடலடியில் ஒரு திருக்கை, காற்றில் உலர்த்திய சேலை அசைவதுபோல் ரெக்கையை அலையலையாக அசைத்துக்கொண்டு போனது. அடுத்து ஓர் ஆக்டோபஸ், எலும்பே இல்லாத கையால் ஒரு சிப்பியைச் சுற்றிப் பிடித்துப் பெயர்த்தது. வேறு நாளாக இருந்தால் அந்த வழவழப்பைப் பார்த்ததுமே மாதையனுக்குக் குமட்டியிருக்கும். அன்றைக்குக் குமட்டவில்லை.

போன வருஷம் விசிறி வைத்த ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கிய கொஞ்ச நேரத்தில் அதன் விசிறி ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு மூச்சை விட்டது. அதையும் மாதையன்தான் முங்கிப் போய் எடுத்தார். ஜாஸ்மினின் திருக்கையில் விசிறியே கிடையாது. ரெக்கைதான். சுற்றுவதற்கு ஒன்றுமில்லாததால் துணி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றாள். ரப்பர்க் கை துணியை உறிஞ்சிப் பிடித்து, கம்பியிலிருந்து உருவி, கரைக்குக் கொண்டுவரும். மோட்டாரை நிறுத்த வேண்டியதில்லை. மனுஷன் இறங்க வேண்டியதே இல்லை.

"அப்ப நானு?" என்று கேட்டார் மாதையன்.

"கேபிள் புடிக்க ஒரு ஆளு வேணும்ணா. கரையில உக்காந்துக்கிட்டு, இழுத்தா வுடணும், தளர்ந்தா சுத்தணும். உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன். பெரிய சார் வந்து பாத்து சரின்னுட்டா, அப்பறம் நீங்க தண்ணியில கை வைக்கவே வேணாம்."

மிஷின் வந்தால் வேலை போய்விடுமே என்று நாடெல்லாம் பயந்துகொண்டிருக்கிறது. மாதையனோ அந்த ரப்பர் மீனுக்காக அன்றைக்கே முனியப்பனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். அவரைப் போய்ப் பழைய காலத்து ஆள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சோதனை நாள் காலையில் ஜாஸ்மின் தனியாகத் திருக்கையை இறக்கி ஓட்டிப் பார்த்தாள். மாதையன் கேபிளைப் பிடித்திருந்தார். அது சல்லடைக்குப் போனது. ரப்பர்க் கை நீண்டது. ஒரு பிஞ்ச பாவாடையை உருவி, மெதுவாக, மரியாதையாக, கரைக்குக் கொண்டுவந்து போட்டது. மாதையன் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டார். காய்ந்திருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு அழுக்குப் பாவாடைக்காகக் கண் கலங்கிய மனிதரை நான் அவருக்கு முன்னும் பின்னும் கேள்விப்பட்டதில்லை.

பிறகு பெரிய சார் வந்தார். செயற்பொறியாளர் கலைவாணன். பேண்ட் சட்டையில் வருவார் என்று பார்த்தால், கத்தரிப்பூ நிறத்தில் கைப்பிடி அகலத்துக்குப் பட்டுக்கரை போட்ட வேட்டியில் வந்து இறங்கினார். கூடவே காண்ட்ராக்டர், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடும் துண்டோடும். சாருக்குச் சனி சரியில்லையாம். எப்படியும் ஆற்றங்கரைக்கு வர வேண்டியிருக்கிறது, வந்த கையோடு ஒரு முழுக்கும் போட்டுவிடலாம் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். சர்க்கார் ஜீப், சர்க்கார் டீசல், சொந்தச் சனி.

"ஆரம்பிச்சுக்கங்கம்மா. நான் ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்று ஜாஸ்மினிடம் சொல்லிவிட்டுப் படித்துறைக்கு நடந்தார்.

அந்த வேட்டியையும் ஆற்றோடு விட்டுவிடுவாரோ என்று மாதையனுக்கு ஒரு சந்தேகம். ஆனால் படித்துறையில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. 'இது குடிநீர். துணிகளை ஆற்றில் விடுவது குற்றம்.' கீழே, 'இப்படிக்கு, செயற்பொறியாளர்.' பலகை வைத்தவரே பலகைக்குக் கீழே நின்று அதைச் செய்வாரா? மாதையன் மனசைத் தேற்றிக்கொண்டார். மனிதர்களைப் பற்றி அவ்வளவு தெரிந்தும், படித்தவர் என்றால் கொஞ்சம் நம்பிக்கை வைத்துவிடுகிற கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது.

சாமியானாவுக்குக் கீழே ஒரு டிவிப் பெட்டி. திருக்கையின் கண் பார்ப்பதெல்லாம் அதில் தெரியும். கேபிள் மாதையன் கையில். திருக்கை இறங்கியது. பழுப்புத் தண்ணீர், பாசி, பிறகு சல்லடைக் கம்பி. ரப்பர்க் கை ஒரு பனியனை உருவியது. சுற்றி நின்ற ஊர் ஜனம் கை தட்டியது. அதற்குள் பெரிய சாரும் வந்துவிட்டார். தலை ஈரம், நெற்றியில் புதுத் திருநீறு, இடுப்பில் மடிப்புக் கலையாத பேண்ட். நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் வாங்கிக்கொண்டார்.

பேண்ட்டைப் பார்த்ததும் மாதையனுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் டிவிப் பெட்டியில் மேலேயிருந்து என்னவோ வெள்ளையாக இறங்கியது. அவசரமே இல்லாமல், பந்தியில் இலை விரிப்பதுபோல் விரிந்து இறங்கியது. முதலில் வெள்ளை. அப்புறம் கண்ணாடி முழுக்க, பட்டுப் பளபளப்போடு, கத்தரிப்பூ நிறக் கரை.

அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்தது. காலையில் ஜீப்பிலிருந்து இறங்கியபோது அந்தக் கரையைத்தானே எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். காண்ட்ராக்டர் வானத்தைப் பார்த்தார். வார்டு மெம்பர் செருப்பைப் பார்த்தார். பெரிய சார் இளநீரை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்து, வராத அழைப்புக்குப் பதில் சொன்னார்.

ஜாஸ்மின் முகம் செத்துப்போயிற்று. கல்லூரித் தொட்டியில் அவள் துண்டுத் துணிகளைத்தான் போட்டுப் பார்த்திருந்தாள். திருக்கை வேலை செய்யும்போதே எட்டு முழ வேட்டி ஒன்று முழுசாக அதன்மேல் வந்து மூடும் என்று அவள் நினைக்கவில்லை. மோட்டார் இழுத்த இழுப்பில் வேட்டி திருக்கையைப் பொட்டலமாகக் கட்டிச் சல்லடையோடு அப்பிவிட்டது. கேபிளை இழுத்தார் மாதையன். வரவில்லை.

"இதெல்லாம் கடலுக்குச் சரிம்மா. நம்ம ஆத்துக்கு ஒத்து வராது" என்றார் பெரிய சார், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே.

"சார், அது ஒரு வேட்டி..." என்றாள் ஜாஸ்மின்.

"வேட்டியோ சேலையோ, ஜனங்க போடத்தான் செய்வாங்க. அவங்க நம்பிக்கையில நாம கை வைக்க முடியுமா?" அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "மாதையா, எறங்கி அத எடுத்துக் குடுத்துடு. பாவம், பொண்ணு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கு."

மோட்டாரை நிறுத்தினார்கள். மாதையன் சட்டையைக் கழற்றினார். காலையில் காய்ந்திருந்த கைகளை ஒருதரம் பார்த்துக்கொண்டு முங்கினார்.

உள்ளே அதே வழவழப்பு, அதே இருட்டு. விரல் தானாக வழி கண்டுபிடித்தது. அந்தப் பழக்கத்தை நினைத்தே அவருக்குக் குமட்டியது. பொட்டலத்துக்குள் திருக்கை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. உயிரில்லாத அந்த ரப்பர் ரெக்கை, வெளியே வர வழி தெரியாமல், துணிக்குள் மெல்ல மெல்லத் துடித்தது. அதைத் தொட்டபோது அவருக்கு அருவருப்பு வரவில்லை. வேட்டியைத் தொட்டபோதுதான் வந்தது. அது புதுசு, சலவை வாசனைகூடப் போயிருக்காது. இத்தனை வருஷத்தில் பிணத்துணியைத் தொட்டபோதுகூட அவருக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்ததில்லை. பிணத்துணியை விட்டவர்களுக்குத் தெரியாது. இதை விட்டவருக்குத் தெரியும்.

ஒரு கையில் திருக்கை, தோளில் வேட்டி என்று அவர் கரையேறியதும் ஜனம் கை தட்டியது. திருக்கைக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டியது.

பெரிய சார் எழுந்தே விட்டார். "பாத்தீங்களா? இந்த மாதிரி ஒரு ஆளு இருக்கறப்ப நமக்கு எதுக்குய்யா மிஷினு? மாதையன்தான் நம்ம திருக்க மீனு! நான் இப்பிடியே எழுதிடறேன். மாதையன் இருக்கற வரைக்கும் இங்க மிஷினே தேவையில்ல."

இருக்கிற வரைக்கும். மாதையன் காதில் அந்தச் சொல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இறங்கியது. சாகிறவரைக்கும் கரண்டி என்று அர்த்தம்.

சாருக்குப் போடுவதற்காகக் காண்ட்ராக்டர் ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தார். பெருந்தன்மை பொங்கிவிட்ட சார் அதைக் கேட்டு வாங்கி, பாலிதீன் உறையைக் கிழித்து, சொட்டச் சொட்ட நின்ற மாதையன் தோளில் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். ஜரிகை முதுகில் குத்தியது. இன்னொரு துணி.

போட்டோ எடுத்து முடியும்வரை மாதையன் ஆடாமல் நின்றார். பிறகு அந்த வேட்டியைக் கையில் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, ஒருதரம் உதறி விரித்தார். கத்தரிப்பூக் கரை எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது. அதை நாலாக மடித்தார். மேடைகளில் செய்வார்களே, அதே பணிவோடு ஓர் எட்டு முன்னால் வைத்து, பெரிய சாரின் இரண்டு தோளிலும் படும்படி, ஈரத்தோடும் பாசியோடும், பாந்தமாகப் போர்த்திவிட்டார்.

"உங்க வேட்டிங்க சார். ஆத்துல வுட்டுட்டு வந்துட்டீங்க."

சார் அதை உதறப் பார்த்தார். உதறத் தொட வேண்டுமே. ஆற்றில் விட்டதைத் திரும்பத் தொட்டால் போனதெல்லாம் இரட்டிப்பாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்கும் தெரிந்த ஐதீகம்தானே. கையைத் தூக்கினார், இறக்கினார். "டேய், எடுடா! எடுங்கடா இத!" என்று கத்தினார். எடுக்க ஒருத்தரும் வரவில்லை. காண்ட்ராக்டரே ரெண்டு எட்டுப் பின்னால் போனார். அடுத்தவன் பாவத்தைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? கழுத்திலிருந்து பாசித்தண்ணீர் சட்டைக்குள் நன்றாகவே இறங்கியது.

"எத்தன வருசமா நான் தொட்டேன், சார்" என்றார் மாதையன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒருநாளு நீங்க தொடுங்க."

பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். படித்துறையிலிருந்து வருகிறவர்கள் மாதிரியே அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனிமேல் வர வேண்டாம் என்று அன்றைக்கே ஆள் சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாளிலேயே சல்லடை அடைத்து, குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. காண்ட்ராக்டர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். "அன்னிக்கு நடந்தத மறந்துடுய்யா" என்றார். "நான் மறந்தாலும் என் கை மறக்காதுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் மாதையன். ஜாஸ்மின் கரையில் காய்ந்துகொண்டிருந்த துணிகளில் முழு வேட்டியாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டிக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனாள். அடுத்த திருக்கையை இவற்றோடுதான் பழக்க வேண்டும் என்றாள். போகும்போது மண்டிக்கார அப்பாவிடம் மாதையனுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

மாதையன் இப்போது பாலக்கோட்டு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறார். அங்கேயும் அழுகல்தான். கூடைக்குள் கை விட்டால் சில நாள் முழங்கை வரை சாறு வழியும். "ஆனா அது தக்காளியோட அழுவலுங்க. மனுசனோடது இல்ல" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு மதியம் மண்டி முடிந்து வீட்டுக்கு வந்தார். கோவிந்தம்மாள் வழக்கம்போல் களித்தட்டில் கரண்டியைச் செருகி வைத்தாள். மாதையன் கரண்டியை எடுத்துத் தரையில் வைத்தார். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தக்காளிக் காம்பு வாசனை. களியைப் பிட்டு, உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி செய்து, கீரைக்குழம்பில் தோய்த்து விழுங்கினார். கோவிந்தம்மாள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த உருண்டையை அவர் உருட்டி அவள் வாய்ப்பக்கம் நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள்.